நினைவுச் சின்னத்துக்குக் கொண்டுபோன மெழுகுவத்தி

புளிசாதத்தில் மெழுகு வாசனை ஏறினால் எப்படியிருக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். முதல் வாய்க்கு ஒன்றும் தெரியாது; பெருங்காயமும் நல்லெண்ணெயும் முன்னால் வந்து நிற்கும்; மென்று விழுங்கிய பிறகு நாக்கின் பின்பக்கத்தில் வழவழவென்று ஒரு பூச்சு, கோயிலுக்குள் நுழைந்ததும் மூக்கில் வருமே அந்தப் பழைய மெழுகின் வாசனை, தொண்டை வரைக்கும் இறங்கும். தண்ணீர் குடித்தாலும் போகாது. ஆறாம் வகுப்பில் ஒரு மத்தியானம் கடற்கரை மணலில் உட்கார்ந்து, அழுது முடித்த மூக்கோடு, அந்தச் சோற்றை நான் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். மிச்சம் வைத்தால் ஏன் என்று அம்மா கேட்பாளே என்ற பயம்.

இப்போது நானே பள்ளிக்கூட டீச்சர். வருடத்துக்கு ஒருமுறை, குடியரசு தினத்தை ஒட்டி, பிள்ளைகளைப் போர் நினைவுச் சின்னத்துக்கு அழைத்துப்போகிற வேலை என் தலையில்தான் விழுகிறது. "வரலாறு எடுக்கிறது நீங்கதானே மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை கையைக் கழுவிக்கொள்வார். அனுமதிக் கடிதம் எழுதுவது, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது, வாந்தி எடுக்கிற பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது, எண்ணிக்கை ஒன்று குறைந்தால் திரும்ப எண்ணுவது, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் கால் இரண்டும் என்னுடையதாகவே இருக்காது. இருபது வருடத்துக்கு மேலாக இதே பாட்டு. ஒவ்வொரு தடவையும் பஸ் கூவம் பாலத்தைத் தாண்டும்போது அந்தப் புளிசாதம் என் நாக்குக்கு வந்துவிடுகிறது. யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்கு என்னவோ சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

நாங்கள் சாந்தோம் பக்கம். எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் உள்ள குறுக்குத் தெருவில் ஒண்டுக்குடித்தனம். அம்மா கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் டீச்சர். "தையல் டீச்சரம்மா" என்றுதான் தெருவில் பேர். அப்பா பட்டாளத்தில் லாரி டிரைவர். துப்பாக்கி பிடித்தவர் இல்லை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கம்பளி இதையெல்லாம் மலைமேல் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய் இறக்குகிற வேலை. வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்ததும் முதல் இரண்டு நாள் தூங்குவார், அப்படியொரு தூக்கம். தெருவில் நாங்கள் நொண்டி விளையாடினால்கூட அம்மா ஜன்னலுக்கு வந்து, "அப்பா இளைப்பாறட்டும், அந்தாண்ட போங்க" என்று அதட்டுவாள்.

லீவில் வரும்போது அப்பா "கோட்டா பாட்டில்" கொண்டுவருவார். பட்டாளத்துக்காரர்களுக்கு அளந்து கொடுக்கிற ரம். அவர் ஒரு சொட்டு தொட்டதில்லை. பால் இல்லாத டீ, அதுவும் நாளைக்கு ஆறு தடவை, அதுதான் அவருக்குத் தெரிந்த போதை. பாட்டில்கள் எதிர்வீட்டு சூசை மாமாவுக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் போகும். கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத மனுஷன். பாட்டிலை வாங்கிக்கொள்ள வரும்போது சூசை மாமா என்னைத் தூக்கிச் சுற்றுவார், "பட்டாளத்தான் மகளே" என்பார். அந்த ஒரு வாரத்துக்கு எங்கள் வீட்டில் ஆள் நடமாட்டம் அதிகம்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அம்மா அதைப் பங்குச் சாமியாரிடம் எடுத்துப்போனாள்; நானும் கூடப்போனேன். சாமியார் ஒருமுறை மனதுக்குள் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு மெதுவாகச் சொன்னார். முகாமில் தண்ணீர் கெட்டுப்போய்ப் பலபேருக்கு மஞ்சக்காமாலை, அப்பாவுக்கு முற்றிவிட்டது, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அம்மா அழவில்லை, கடிதத்தை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து தெருமுனை திரும்புவதற்கு முன்னால் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "இங்க பாரு, யாராவது கேட்டா அப்பா எல்லையில சண்டையில போயிட்டாருன்னு சொல்லு. தெரியுதா? வேற ஒரு வார்த்தை வாயிலருந்து வரக்கூடாது" என்றாள். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று அதுவரை மிரட்டி வந்த அதே அம்மா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

எந்தச் சண்டை, எந்த எல்லை என்று தெருவில் ஒருவரும் துருவவில்லை. பட்டாளம் என்றால் எல்லை, எல்லை என்றால் சண்டை, அவ்வளவுதான் அவர்களுக்கு. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரிலும் அப்படியே ஏறிவிட்டது.

அடுத்து வந்த கல்லறைத் திருநாளில்தான் எங்களுக்கு ஒரு குறை இருப்பது எனக்கு உறைத்தது. நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் ஆட்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். அவரவர் கல்லறையைக் கழுவி, சாமந்தி உதிர்த்து, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்குக் கழுவ ஒரு கல்லறை கிடையாது. தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. எங்கெங்கோ ஊரில் செத்து எங்கெங்கோ புதைக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சிலுவையடியில்தான் ஏற்ற வேண்டும். அம்மா அங்கே ஒரு மெழுகுவத்தியை நட்டு, "அப்பாகிட்ட பேசு. இங்க சொன்னா அவருக்குக் கேக்கும்" என்றாள். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒன்றாம் ராங்க் வாங்கியதைச் சொன்னேன். பிறகு எல்லாரோடும் சேர்ந்து, செத்தவர்களுக்காகச் சொல்கிற "நித்திய இளைப்பாற்றி" ஜெபம் சொன்னோம். அந்த வார்த்தையை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் தெரியுமா? அப்பா லீவில் வந்தால் இளைப்பாறுவார் இல்லையா, அதே இளைப்பாறல்தான், இந்தத் தடவை லீவு முடியாது என்று. யாராவது தெருவில் சத்தமாக நொண்டி விளையாடினால் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு எடுத்தவர் பிலோமினா டீச்சர். நல்ல மனுஷி, கொஞ்சம் மேடைப் பேச்சு மோகம். ஜனவரி பிறந்ததும் "கல்விச் சுற்றுலா" என்று அறிவித்தார். கல்வியாவது, சுற்றுலாவாவது, கடற்கரைச் சாலையில் வடக்கே போய் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு, மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றுவிட்டுத் திரும்புவது. ஆனாலும் வகுப்பே குதித்தது. டீச்சர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தி, "அது விளையாட்டு இடம் இல்ல பிள்ளைங்களா. நாட்டுக்காக உயிர் கொடுத்து, எங்கெங்கேயோ புதைக்கப்பட்டவங்க எல்லாருக்கும் சேர்த்து எழுப்பின இடம்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அடடா, பட்டாளத்துக்காரர்களுக்கென்றே ஒரு பெரிய சிலுவை! இத்தனை நாள் அப்பாவை ஊர் பேர் தெரியாதவர்களோடு சேர்த்து ஏதோ ஒரு சிலுவையடியில் நிறுத்தி வைத்திருந்தோம். அவருடைய சொந்த இடம் அங்கே இருந்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. போய் ஏற்றிவிட்டு வந்து சொல்லி அசத்த வேண்டும் என்று நினைத்தேன்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "நம்ம ரோசலின் அப்பா எல்லையில வீரமரணம் அடைஞ்சவரு. மலர் வளையம் ரோசலின்தான் வைக்கணும்" என்றார். வகுப்பே கை தட்டியது. அதுவரை யாரும் எனக்காகக் கை தட்டியதில்லை. காது மடல் சுட்டது. ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்: "என் தந்தை நாட்டுக்காகப் போரிட்டு இன்னுயிர் நீத்தார். அவர் மகளாகப் பிறந்ததில் பெருமை கொள்கிறேன்."

என் பக்கத்தில் உட்காருபவள் குமுதா, நொச்சிக்குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா கட்டுமரத்தில் போனவர், மூன்று வருடமாகத் திரும்பவில்லை. தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, இன்னுயிரு? இன்னா உயிரு?" என்றாள். நான் சிரித்து மாட்டிக்கொண்டு பெஞ்ச் மேல் ஏறி நின்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மெழுகுவத்தி யோசனையை அவளிடம் மட்டும் சொன்னேன். அவள், "எங்க நைனாவுக்கும் எங்கயும் பொதைச்ச எடம்னு ஒண்ணும் கெடையாது. அவரையும் அங்க சேத்துப்பாங்களா?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும், சேர்ப்பார்கள் என்றேன்.

போன கல்லறைத் திருநாளில் மிச்சமான ஒரு மெழுகுவத்தி அம்மாவின் தையல் மிஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு கிடந்தது. பையில் வைத்தால் அம்மா கண்ணில் படும். சுற்றுலா அன்று காலையில் அவள் புளிசாதம் கட்டி, மேலே வாழையிலைத் துண்டு போட்டு மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, நான் டிபன் பாக்ஸைத் திறந்து இலைமேல் மெழுகுவத்தியைப் படுக்க வைத்து அழுத்தி மூடினேன். தீப்பெட்டி பாவாடைப் பாக்கெட்டில். சோறு சூடாக இருக்கிறதே என்று அந்த மண்டைக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

பஸ் குப்பத்தைத் தாண்டி, கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, திருவல்லிக்கேணிப் பக்கம் போகிற ஜனங்களையெல்லாம் ஹாரன் அடித்து விலக்கிக்கொண்டு போனது. குமுதா ஜன்னல் வழியாக, "அதான் எங்க வூடு, தோ, அந்த ஓரமா கீது பாரு" என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு வெளியே பார்க்க மனமில்லை. இரண்டு வரியையும் வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். வரவர ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மேடையில் நின்று ஊருக்குச் சொல்வதென்றால் பரவாயில்லை, அம்மா சொல்லச் சொன்னதுதானே. ஆனால் இது அப்பாவின் இடம். இங்கே சொன்னால் அவருக்குக் கேட்கும். அவருக்கே தெரியும், தான் எப்படிச் செத்தோம் என்று. அவர் காதுபட, நீங்கள் சண்டையில் செத்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? என் மகளே பொய் சொல்கிறாளே என்று நினைக்க மாட்டாரா?

இன்றைக்கு நினைத்தால் அந்தப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அன்றைக்கு அப்படி யாரும் இல்லை.

நினைவுச் சின்னத்தில் கடற்காற்று பாவாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. வரிசையாக நின்றோம். கல்லையும் தூண்களையும் பார்த்தேன். எதிர்பார்த்த சிலுவை இல்லை, இருந்தாலும் மனசு விட்டுக்கொடுக்கவில்லை. டீச்சர் பேசினார், காற்றில் பாதிதான் காதுக்கு வந்தது. மலர் வளையத்தை வைத்தேன். "சொல்லு ரோசலின்" என்றார். வாயைத் திறந்தேன். "என் தந்தை" வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் வந்தது வேறு.

"எங்க அப்பா சண்டையில சாகல டீச்சர். லாரி ஓட்டுனாரு. மஞ்சக்காமாலையில செத்துட்டாரு."

இதைச் சொன்னதும் எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்பா கேட்டுவிட்டார், இனி கவலையில்லை. அந்த நிம்மதி எண்ணிப் பத்து நொடி இருந்திருக்கும். வரிசையின் நடுவிலிருந்து சூசை மாமாவின் மகள் மெர்சி கையைத் தூக்கி, வகுப்பில் பதில் சொல்கிற அதே குரலில், "மஞ்சக்காமாலை குடிச்சா வர்றது டீச்சர். எங்கப்பா சொல்லியிருக்காரு. மிலிட்டரிக்காரங்க எல்லாம் குடிச்சுக் குடிச்சுத்தான் சாவாங்களாம்" என்றாள்.

அம்மா ஏன் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள் என்று எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. நாலு வருடம் கழித்து, அத்தனை பேருக்கு முன்னால்.

மெர்சி மேல் எனக்கு இன்றுவரை கோபமில்லை. வீட்டில் கேட்டதைச் சொன்னாள். எங்கள் அப்பா கொண்டுவந்த பாட்டிலை எங்கள் அப்பா கையாலேயே வாங்கிக் குடித்த வாய் இருக்கிறதே, அதன்மேல்தான் ஆத்திரம், அது அடங்கவே இல்லை. அன்றைக்கோ ஆத்திரப்படக்கூடத் தெரியவில்லை. எப்படியாவது மெழுகுவத்தியை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. குனிந்து பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தேன். "டீச்சர், ரோசலின் இங்கயே சாப்பிடப் போறா!" என்று யாரோ கத்த, வரிசை முழுக்கச் சிரிப்பு. மெழுகுவத்தி வளைந்து, இலையோடும் சோற்றோடும் ஒட்டிக் கிடந்தது. பிய்த்து எடுத்தேன். குச்சியைக் கிழித்தேன், காற்று அணைத்தது. இன்னொன்று, அதுவும் போச்சு. மூன்றாவதைக் கிழிப்பதற்குள் காவலாளி ஓடிவந்து, "ஏம்மா, இங்கல்லாம் நெருப்பு கொளுத்தக் கூடாது. இன்னாமா டீச்சர், புள்ளைய பாத்துக்க மாட்டியா?" என்றார். டீச்சர் தீப்பெட்டியைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. "உனக்கு ஏன்மா இந்த வேலை" என்று மட்டும் கேட்டார். அவருக்கும் முகம் செத்துப்போயிருந்தது.

மணலில் எல்லாரும் வட்டம் வட்டமாக உட்கார்ந்து தின்றபோது என்னோடு உட்கார்ந்தவள் குமுதா ஒருத்திதான். என் பாக்ஸில் கையை விட்டு ஒரு வாய் எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள், துப்பவில்லை, விழுங்கிவிட்டாள். "உங்க நைனா குடிப்பாரா?" என்று நேராகக் கேட்டாள். இல்லை என்றேன். "அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? வுடு" என்றாள். பிறகு வளைந்த மெழுகுவத்தியை எடுத்து இரண்டாக உடைத்து, திரியைப் பல்லால் கடித்து அறுத்து, ஒரு பாதியைத் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். மறுநாள் வந்து, கட்டுமரத்து மறைவில் வைத்து ஏற்றினேன், நன்றாக எரிந்தது என்று சொன்னாள்.

என் பாதி டிபன் பாக்ஸிலேயே வீட்டுக்கு வந்தது. சோற்றை முழுக்கத் தின்றும் பிரயோஜனமில்லை, பாக்ஸ் முழுக்க மெழுகு. அம்மா முற்றத்தில் உட்கார்ந்து வெந்நீர் ஊற்றித் தேங்காய்நாரால் சுரண்டிக்கொண்டே, "என்ன இது?" என்று கேட்டாள். ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டில் மெர்சி எப்படியும் சொல்லியிருப்பாள்.

அம்மா சுரண்டுவதை நிறுத்தவில்லை. "டீச்சர் எழுதிக் கொடுத்ததைச் சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? ரெண்டே வரி. யாருக்கு என்ன கொறைஞ்சுடப் போவுது?" என்றாள். "இங்க சொன்னா அப்பாவுக்குக் கேக்கும்னு நீதானே சொன்ன" என்றேன். அப்போது கை நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கோபம் என்றும் சொல்ல முடியாது. "அது நம்ம சிலுவைடி. இது கவர்மெண்டு கட்டுன கல்லு. அங்க எங்கடி இருக்காரு உங்கப்பா?" என்றவள், குரல் உடைந்து, "குடிக்கலடி அவரு. ஒரு சொட்டு குடிக்கல. குடிச்சுச் செத்திருந்தாக்கூட நான் பேசாம இருந்துடுவேன். குடிக்காத மனுஷன் பேரு இப்படி ஆகுதேன்னுதான்டி எரியுது" என்று பாக்ஸைத் தூக்கிக் குழாயடியில் எறிந்தாள். கடிதம் வந்த அன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது சூசை மாமா வழியில் நின்றிருந்தார். நாலுபேர் கேட்க, இரக்கம் வழிய, "ஏன்மா, மஞ்சக்காமாலையாமே? எங்ககிட்ட சொல்லவே இல்லியே. பாவம், அந்தக் குளிருக்கு அவங்க குடிச்சுத்தானே ஆவணும்" என்றார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"மஞ்சக்காமாலைதான். குடிக்க மாட்டாரு" என்றாள்.

யாருக்கெல்லாம் பாட்டில் போனது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டில் வாங்கியவனுக்கே அது தெரியுமே, அவனே தெரியாதவன் போல் இருக்கிறானென்றால் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த இரண்டு வாக்கியமும் அவள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அப்பா என்னவாயி இறந்தாரு?" என்றால், "மஞ்சக்காமாலை. குடிக்க மாட்டாரு." ஏதோ ஒரு ஆபீஸில் ஃபாரம் நிரப்புகிற குமாஸ்தா, வாடகைக்கு வீடு காட்ட வந்தவர், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாள், யார் கேட்டாலும் அதே பதில். முதல் வாக்கியம் அவர்கள் கேட்டதற்கு. இரண்டாவதை யாரும் கேட்டதில்லை. "எல்லையில சண்டையில" என்று ஒரே வீச்சில் தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொடுத்தது நான். சில சமயம், "ஏம்மா அதையும் சொல்ற? அவங்க அதைக் கேட்டாங்களா?" என்று அலுத்துக்கொள்வேன். "கேக்க மாட்டாங்க, நெனைச்சுப்பாங்க" என்பாள்.

கடைசியாக அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு சின்ன வயசு டாக்டர் தாளும் பேனாவுமாக வந்து குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று விசாரித்துக்கொண்டே, பேச்சுவாக்கில் அப்பாவைப் பற்றியும் கேட்டார். மூச்சு வாங்கி வாங்கி அம்மா இரண்டையும் சொன்னாள். அவர் முதலாவதை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அம்மா என் கையைத் தட்டி, "எழுதுனாரா?" என்று கேட்டாள். எழுதினார் என்றேன். அது அப்பா விஷயத்தில் நானாகச் சொன்ன ஒரே பொய்.

இப்போது அம்மாவுக்குக் கல்லறை இருக்கிறது. நவம்பரில் கழுவுகிறேன், சாமந்தி போடுகிறேன். பெரிய சிலுவையடியில் அப்பாவுக்கும் ஒன்றை ஏற்றிவிட்டு வருகிறேன். எங்கள் ஒண்டுக்குடித்தனத்தை இடித்து அடுக்குமாடி எழுப்பியாகிவிட்டது. சூசை மாமா போய்ச் சேர்ந்து வெகு காலம். குமுதா பஸ் ஜன்னலிலிருந்து காட்டிய குடிசை இருந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. அவள் மீன் விற்கிறாள், எப்போதாவது பார்த்தால், "இன்னா டீச்சரே, கல்லுக்குக் கூட்டினு போய்ட்டியா இந்த வருசம்?" என்று கேட்டுவிட்டு, வேண்டாமென்றாலும் ஒரு கை மீனைக் கூடுதலாகப் போடுவாள். இந்தக் கதை முழுக்கத் தெரிந்த உயிர் அவள் ஒருத்திதான் பாக்கி.

இந்த ஜனவரியிலும் போனோம். அனுமதிக் கடிதத்தில் ஏதோ முத்திரை இல்லையென்று உள்ளே விடுவதற்கு அரை மணி நேரம் தாமதம். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வாட்ஸப் குரூப்பில் போடுவதற்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தேன், தலை எண்ணினேன், இரண்டு பேருக்குத் தண்ணீர் கொடுத்தேன். யார் வீட்டிலாவது ராணுவத்தில் இருந்தவர் உண்டா என்று நான் ஒருபோதும் பிள்ளைகளைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை என் பாடத்திலிருந்தே எடுத்துவிட்டேன். ஆனால் பிள்ளைகள் என்னைக் கேட்காமல் இருப்பார்களா? கம்பிப் பக்கம் நிழலில் நான் ஒதுங்கி நின்றபோது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "மிஸ், உங்க வீட்ல யாராவது ஆர்மியில இருந்தாங்களா?" என்றாள்.

"எங்க அப்பா இருந்தாரு."

"சண்டையில செத்துட்டாரா மிஸ்?"

"இல்லம்மா. மஞ்சக்காமாலை."

அவளுக்கு அதில் சுவாரஸ்யம் போய்விட்டது. "ஓ" என்று சொல்லிவிட்டுத் தோழிகளை நோக்கி ஓடினாள். நாலு எட்டு போயிருப்பாள்.

"இந்தா பாப்பா" என்று கூப்பிட்டேன். நின்று திரும்பினாள்.

"குடிக்க மாட்டாரு" என்றேன்.

"சரி மிஸ்" என்றாள்.